மூச்சுத் தசை பலம்: ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த மைனஸ் எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் பரிசோதனை அறையில் வேலை செய்பவன் நான். அடைத்த குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு இழுத்தும் தள்ளியும் மூச்சுத் தசையின் பலத்தைப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. அதற்கு வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வரிசையில் அடுத்தவர் காத்திருப்பார், அதனால் பாதி பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

போன வாரம்தான் ஊதுற டெஸ்ட் எடுத்தோம். மறுபடியும் எதுக்கு?

போன வாரம் எடுத்தது ஸ்பைரோமெட்ரி. எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று பார்ப்பது அது. இது காற்றை அளப்பதில்லை, காற்றை இழுக்கிற, தள்ளுகிற தசையின் பலத்தை அளக்கிறது. கிணற்றில் தண்ணீர் குறைவாக வருகிறது என்றால் குழாயில் அடைப்பா, மோட்டார் பலவீனமா என்று இரண்டையும் பார்க்க வேண்டும் இல்லையா? ஸ்பைரோமெட்ரி பெரும்பாலும் குழாயைப் பற்றிப் பேசும். இது மோட்டாரைப் பற்றியது.

நுரையீரல் தானாக விரிவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல இருக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும்தான் அதை இழுத்து விரிக்கின்றன. பலமாக வெளியே தள்ளும்போது, இருமும்போது, வயிற்றுத் தசைகள் சேர்ந்துகொள்ளும். அதனால் டெஸ்டிலும் இரண்டு எண்கள் உண்டு. உள்ளே இழுக்கும் உச்ச அழுத்தம் எம்ஐபி, வெளியே தள்ளும் உச்ச அழுத்தம் எம்இபி.

காத்தே போகலையே, அடைச்சு வெச்சுட்டு இழுன்னா எப்படி?

அடைத்து வைப்பதுதான் விஷயமே. பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பது போல. காற்று நகராதபோது தசை எவ்வளவு பலம் காட்டுகிறதோ அது அப்படியே அழுத்தமாக மீட்டரில் தெரியும்.

முழுக்க அடைப்பதில்லை என்பது ஒரு சின்ன ரகசியம். குழாயில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை இருக்கும். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கும்போது உறிஞ்சுவது நெஞ்சு இல்லை, கன்னமும் நாக்கும்தான். குரல்வளையை மூடிக்கொண்டு கன்னத்தால் மட்டும் உறிஞ்சினாலும் நல்ல அழுத்தம் காட்ட முடியும். அந்தச் சின்னக் கசிவு இருந்தால் கன்னத்தின் வேலை பலிக்காது, அழுத்தம் உடனே இறங்கிவிடும். நெஞ்சிலிருந்து இழுத்தால் மட்டும் நிற்கும். துளையில் விரல் வைத்து மூடிக்கொண்டு "இப்ப நல்லா வருதே" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மைனஸ் 68னு போட்டிருக்கு. மைனஸ்னா கெட்டதா?

இல்லை. உள்ளே இழுக்கும்போது வாயில் உள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது, அதனால் மைனஸ். 68-ஐவிட 90 பலம் அதிகம், அவ்வளவுதான். சில இடங்களில் மைனஸ் போடாமலே எழுதுவார்கள். இனி நானும் போடவில்லை.

அளவு 'சென்டிமீட்டர் நீர்'. 68 என்றால், நிற்க வைத்த குழாயில் 68 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் பலம். வெளிநாட்டு ரிப்போர்ட்டில் 6.7 என்று பார்த்துப் பதறிப் போனவர் உண்டு. அது கிலோபாஸ்கல் கணக்கு. 10.2-ஆல் பெருக்கினால் நம் கணக்குக்கு வந்துவிடும்.

சரி, எவ்வளவு இருந்தா நார்மல்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. ஆணா, பெண்ணா, வயது என்ன என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை. இந்தக் கேள்விக்கு இன்றும் உலகம் முழுக்க எடுத்துக் காட்டப்படும் பதில் 1969-இல் வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக்கில் பிளாக், ஹயட் என்ற இருவர் 120 ஆரோக்கியமானவர்களை அளந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு உலோகக் குழாய், மேலே சொன்ன துளை, அழுத்த மீட்டர், வாயில் வைத்து அழுத்திக்கொள்ள ரப்பர் குழாய். கம்ப்யூட்டர் ஏதும் இல்லை. படுக்கை அருகிலேயே எடுத்துவிடலாம் என்பதால்தான் அந்த முறை பரவியது.

20 முதல் 54 வயது வரையுள்ள ஆண்களுக்கு அவர்கள் கண்ட சராசரி: இழுப்பது 124, தள்ளுவது 233. பெண்களுக்கு 87, 152. ஆனால் சராசரியைவிட அதன் பக்கத்தில் இருக்கும் விலகலைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஆண்களின் 124-க்கு கூட்டல் கழித்தல் 44, பெண்களின் 87-க்கு கூட்டல் கழித்தல் 32. அதாவது 80 காட்டும் ஆணும் 168 காட்டும் ஆணும் இருவருமே ஆரோக்கியமானவர்கள்தான். ரத்தச் சர்க்கரை மாதிரி இறுக்கமான எல்லை இதில் கிடையாது.

   

என் வயசுக்கு எவ்வளவுன்னு நானே கணக்கு போட முடியுமா?

முடியும். 1969 கணக்குப்படி ஆண் என்றால் வயதை 0.55-ஆல் பெருக்கி 143-இலிருந்து கழியுங்கள், அது இழுக்கும் பலம். வயதை 1.03-ஆல் பெருக்கி 268-இலிருந்து கழித்தால் தள்ளும் பலம். பெண் என்றால் இழுப்பதற்கு 104-இலிருந்து வயதின் 0.51 மடங்கும், தள்ளுவதற்கு 170-இலிருந்து வயதின் 0.53 மடங்கும் கழிக்க வேண்டும்.

62 வயதுப் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தால் இழுப்பது 72, தள்ளுவது 137 வருகிறது. மேலே 68 என்று கவலைப்பட்டவர் இந்த வயதுக்காரர்தான். சராசரியை ஒட்டியே இருக்கிறார். போட்டுப் பார்த்து நிம்மதி அடையுங்கள். கொஞ்சம் குறைவாக வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம், ஏன் என்று கீழே வருகிறது.

வயசானா எல்லாம் குறையும், சரி. மூச்சுத் தசை ஓயாம வேலை செய்யுதே, அது ஏன் குறையணும்?

நல்ல கேள்வி. கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். சாதாரண மூச்சுக்கு இந்தத் தசைகள் தங்கள் உச்சபலத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் செலவழிக்கின்றன. தினமும் தெருவில் நடப்பதால் யாரும் பளு தூக்கும் வீரர் ஆகிவிடுவதில்லை, அதே கதை இங்கும். வயதாக ஆகத் தொடைத் தசை சுருங்குவது போல இதுவும் சுருங்கும். கூடவே விலாக்கூடு விறைத்துப் போகும், முதுகு கூனும், தசை இழுக்கும் கோணமும் மாறும்.

ஆனால் சரிவு மெதுவானது. 1969 ஆய்வில் 55 வயது வரை பெரிய மாற்றமே தெரியவில்லை. அதனால்தான் 20 முதல் 54 வரை ஒரே கட்டமாகப் போட்டார்கள்.

பொம்பளைங்களுக்கு மட்டும் ஏன் கம்மியா வெச்சிருக்காங்க? நான் வீட்டுக்காரரைவிட நல்லா நடப்பேன்.

நடப்பது தாங்குதிறன். இது ஒரு நொடி உச்சபலம். இரண்டும் வேறு. மேலே உள்ள சராசரிகளை வகுத்துப் பாருங்கள். பெண்களின் இழுக்கும் பலம் ஆண்களுடையதில் சுமார் 70 சதவீதம், தள்ளும் பலம் 65 சதவீதம். கைப்பிடி பலத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் வித்தியாசம் வரும், தசையின் அளவுதான் முக்கியக் காரணம். ஆண்களுக்கான எண்ணோடு ஒப்பிட்டு ஒரு பெண்ணை 'பலவீனம்' என்று எழுதிய ரிப்போர்ட்டை ஒருமுறை பார்த்தேன். பெயர் பதிவில் 'ஆண்' என்று தட்டியிருந்தார்கள்! ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வயது, பாலினம், உயரம் மூன்றையும் சரிபாருங்கள்.

ஒரு இடத்துல 66 சதவீதம், இன்னொரு இடத்துல 104 சதவீதம். யாரை நம்பறது?

இரண்டு பேரும் பொய் சொல்லாமலேயே இது நடக்கும். கேட்டவர் 40 வயது ஆண், தள்ளும் பலம் இரண்டு இடத்திலும் 150. 1969 கணக்குப்படி அவருக்கு 227 இருக்க வேண்டும். 150 என்பது அதில் 66 சதவீதம். பிரிட்டனில் வில்சன் குழுவினர் 1984-இல் வெளியிட்ட கணக்கு வேறு: ஆண்களின் தள்ளும் பலத்துக்கு 180-இலிருந்து வயதின் 0.91 மடங்கைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எதிர்பார்ப்பு 144-தான், 150 அதைத் தாண்டிவிட்டது. எண் அதேதான், தராசுதான் மாறியது.

தராசு ஏன் இவ்வளவு மாறுகிறது? பெரிய காரணம் வாயில் வைக்கும் மவுத்பீஸ். ரப்பர் குழாயை உதட்டின் மேல் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் காற்று கசியாது. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே செருகும் விளிம்பு வைத்த மவுத்பீஸில், பலமாகத் தள்ளும்போது உதட்டோரம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். 1969-இல் முதல் வகை, 1984-இல் இரண்டாம் வகை. அதனால் தள்ளும் எண்ணில் வித்தியாசம் பெரிது, இழுக்கும் எண்ணில் அவ்வளவு இல்லை. விளிம்பு மவுத்பீஸில் ஊத வைத்துவிட்டு 1969 கணக்கோடு ஒப்பிடுவது நல்ல தசைக்கும் நோய்ப்பட்டம் கட்டுவதாகும். என்னைக் கேட்டால், எந்தக் கணக்கு, எந்த மவுத்பீஸ் என்று எழுதாத சதவீதத்தை நான் பார்ப்பதே இல்லை.

அதே 1984 கணக்கில் ஒரு விசித்திரம். வயது வந்த பெண்களுக்கு அவர்கள் வயதையே சேர்க்கவில்லை, உயரத்தை வைத்துத்தான் சூத்திரம் போட்டார்கள். இழுக்கும் பலத்துக்கு உயரத்தை 0.71-ஆல் பெருக்கி 43-ஐக் கழிக்க வேண்டும். 152 செ.மீ. உயரமுள்ளவருக்கு 65 வரும்.

அமெரிக்காக்காரங்க கணக்கு நமக்கு எப்படிச் சரியாகும்?

முழுக்கச் சரியாகாது. உடல்வாகு, உணவு, அளந்த முறை எல்லாமே மாறுகிறது. அதனால்தான் பல நாட்டவர்கள் தங்கள் மக்களைத் தாங்களே அளந்தார்கள். பிரேசிலில் 1999-இல் நெடர் குழு வெளியிட்ட கணக்கு தென் அமெரிக்காவில் அதிகம் புழங்குகிறது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் அளந்து 1997-இல் வெளியிட்டார்கள், மேலை நாட்டு எண்களைவிடக் குறைவாகவே வந்தது. மங்களூரிலும் 2011-இல் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு வந்தது.

அதனால் நம் ஊரில் ஒருவருக்கு 1969 கணக்கில் 80 சதவீதம் வந்தால் நான் அலட்டிக்கொள்வதில்லை. உங்களை உங்களோடே ஒப்பிடுவது இன்னும் நல்லது: ஆறு மாதத்துக்கு முன் 85, இப்போது 60 என்றால் அது எந்த நாட்டுக் கணக்குக்கும் அசையாத சேதி.

மூச்சு முழுக்க வெளியே விட்டுட்டு இழுக்கச் சொல்றீங்க. மூச்சு முட்டுதே, பாதியில இழுத்தா ஆகாதா?

ஆகாது. தசை நீண்டிருக்கும்போதுதான் அதிக பலம் தரும். மூச்சை முழுக்க வெளியே விட்டதும் உதரவிதானம் நெஞ்சுக்குள் மேலேறி நன்றாக நீண்டு நிற்கிறது. தள்ளும் டெஸ்டுக்கு இதன் தலைகீழ்: நெஞ்சு நிறைய காற்று வாங்கிய பிறகு தள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மூச்சை முழுக்க விட்ட நிலையில் விலாக்கூடு தானாகவே வெளியே விரியப் பார்க்கும். அந்த ஸ்பிரிங் விசை 30 வரைக்கும் சேர்ந்துகொள்ளும். நெஞ்சு நிறைந்த நிலையில் நுரையீரல் சுருங்கப் பார்க்கும் விசை 40 வரை தள்ளும் எண்ணோடு சேரும். ஆக, மீட்டரில் தெரிவது தசை மட்டும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நிலையில் எடுத்தால் ஒப்பிடலாம். பாதியில் இழுத்தால் எண் குறைந்துபோகும், தசை மேல் பழி விழும்.

முதல் தடவை 50, அஞ்சாவது தடவை 74. மெஷின் கோளாறா?

மெஷின் சரிதான், நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். அடைத்த குழாயை முழு பலத்தோடு இழுப்பது யாரும் அன்றாடம் செய்யும் வேலை இல்லை. முதல் ஓரிரு முயற்சி கிட்டத்தட்ட எல்லோருக்கும் குறைவாகவே வரும். அதனால்தான் நாங்கள் பக்கத்தில் நின்று "இழு, இழு, இன்னும் இழு!" என்று கத்துகிறோம். கோபம் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சராசரி எடுப்பதில்லை, இருப்பதில் பெரிய எண்தான் உங்கள் எண். ஆனால் ஒரு கணம் எகிறி இறங்கும் முனையை எடுக்க மாட்டோம், ஒரு நொடியாவது தாங்கி நிற்க வேண்டும். மூன்று நல்ல முயற்சிகள் ஒன்றுக்கொன்று 20 சதவீதத்துக்குள் வரும்வரை விடமாட்டோம். இரண்டே முயற்சியில் முடித்து அனுப்பிவிட்டார்கள் என்றால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எண் குறைவா வந்துடுச்சு. தசை போச்சுன்னு அர்த்தமா?

இதுதான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். நல்ல எண் வந்தால் தசை நன்றாக இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாத பலத்தை யாரும் நடித்துக் காட்ட முடியாது. இழுக்கும் எண் 80-ஐத் தொட்டுவிட்டால் கவலைப்படும்படியான பலவீனம் பொதுவாக இல்லை. ஆனால் குறைந்த எண் வந்தால் அது பலவீனமாகவும் இருக்கலாம், உதட்டோரக் கசிவாகவும் இருக்கலாம், சொன்னது புரியாததாகவும் இருக்கலாம், வாயில் வலியாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் மூக்கால் உறிஞ்சும் டெஸ்ட் எடுப்போம். ஒரு மூக்குத் துவாரத்தில் சின்ன அடைப்பு வைத்து, மற்றதன் வழியாகச் சளியை உறிஞ்சுவது போல வெடுக்கென்று பத்து முறை உறிஞ்சச் சொல்வோம். அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், குழந்தைப் பருவத்திலிருந்து பழகியது. ஆணுக்கு 70-க்கு மேலும் பெண்ணுக்கு 60-க்கு மேலும் வந்தால் வாய் டெஸ்டில் வந்த குறைவை ஒதுக்கிவிடலாம். வாய் சரியாகப் பிடிக்காதவர்களுக்கு, முகத்தசை தளர்ந்தவர்களுக்கு இதுவே மேல். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் உதவாது.

புகையால் மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபட்டுப் போனவர்கள் (சிஓபிடி நோயாளிகள்) கதை தனி. நுரையீரலில் காற்று தேங்கி ஊதிக் கிடப்பதால் உதரவிதானம் தட்டையாகிச் சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது. தசை நன்றாக இருந்தாலும் இழுக்கும் எண் குறையும். காரணம் மேலே 'பாதியில் இழுத்தால்' கேள்வியில் சொன்னதேதான்.

ஸ்பைரோமெட்ரி நார்மல்னு வந்துச்சே, அப்ப தசையும் நார்மல்தானே?

அவசியம் இல்லை. அதே பிளாக்கும் ஹயட்டும் 1971-இல் நரம்பு, தசை நோயாளிகளை அளந்தபோது இதைத்தான் கண்டார்கள். ஸ்பைரோமெட்ரி பெரிதாகக் குறையாத நிலையிலேயே அழுத்தங்கள் சரிந்திருந்தன. நுரையீரலை நிரப்பத் தசையின் முழு பலம் தேவையில்லை. கையிருப்பு பாதி போனாலும் அன்றாடச் செலவு ஓடிவிடும், கையிருப்பை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பா உட்கார்ந்தா நல்லா இருக்கார், படுத்தா மூச்சு முட்டுதுங்கறார். இந்த டெஸ்ட் அதைச் சொல்லுமா?

ஓரளவு சொல்லும். இதயக் கோளாறிலும் இப்படி வரும், அதை முதலில் பாருங்கள். உதரவிதானம் தளர்ந்திருந்தால், படுத்ததும் வயிற்று உறுப்புகள் அதை நெஞ்சுக்குள் தள்ளிவிடும். இதற்கு ஸ்பைரோமெட்ரியையே உட்கார்ந்தும் படுத்தும் எடுத்துப் பார்ப்பது நல்ல வழி. படுக்கும்போது கொள்ளளவு 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் உதரவிதானத்தின் மேல் சந்தேகம் பலமாக விழும். வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம்: மல்லாந்து படுத்து மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். உள்ளே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூணு பந்து மெஷின்ல மூணும் மேல போகுது. அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்?

முதலில், அந்த மெஷினை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். பந்து மேலே போவது காற்றின் வேகத்தைக் காட்டுகிறது, பலத்தை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆழமாக மூச்சு வாங்கப் பழக்குவதற்காக வந்தது அது.

தசைக்குப் பயிற்சி என்றால் எதிர்ப்பு வேண்டும். ஸ்பிரிங் வால்வு வைத்த சின்னக் கருவிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டினால்தான் வால்வு திறக்கும். எவ்வளவு வைப்பது என்பதற்கு உங்கள் எம்ஐபி எண்தான் அடிப்படை, வழக்கமாக அதில் 30 சதவீதத்தில் தொடங்கி ஏற்றுவார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் நீங்களே திருகாதீர்கள்.

ஐசியூல அண்ணனுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் இதையே எடுக்கறாங்க. 30-க்குக் கீழ போனா டியூப் போடணுமாம். பயமா இருக்கு.

கில்லன்-பாரே மாதிரி நரம்புகளைத் தாக்கும் நோய்களில் பலவீனம் காலிலிருந்து மேலேறும். மூச்சுத் தசைக்கு எப்போது எட்டும் என்பதுதான் கவலை. 2001-இல், அதுவும் மேயோ கிளினிக்கிலிருந்துதான், 20-30-40 என்று ஒரு விதி வந்தது. உயிர்க்கொள்ளளவு (முழுக்க இழுத்து முழுக்க வெளியே விடக்கூடிய காற்றின் அளவு) உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழ், இழுக்கும் பலம் 30-க்குக் கீழ், தள்ளும் பலம் 40-க்குக் கீழ் போனால் வென்டிலேட்டர் தேவைப்படும் அபாயம் அதிகம். ஆக்ஸிஜன் அளவு விழும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும் என்பதால்தான் அடிக்கடி எடுக்கிறார்கள். ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்று கேளுங்கள்.

குழந்தைக்கு எடுக்க முடியுமா?

ஏழு வயதுக்கு மேல் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். மேலே சொன்ன 1984 ஆய்விலேயே 7 முதல் 17 வயதுக்காரர்களும் இருந்தார்கள். கைக்குழந்தைகளை அழும்போது மாஸ்க் வைத்து அளந்திருக்கிறார்கள், சராசரி 100-ஐத் தாண்டியது! பெரியவர்கள் வெட்கப்படும் எண். குழந்தையின் நெஞ்சு சின்ன வளைவு என்பதால் குறைந்த தசையிலேயே அதிக அழுத்தம் வருகிறது.

யாரெல்லாம் இதை எடுக்கக் கூடாது?

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்கள், ரத்தக் குழாய் வீக்கம் உள்ளவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள். குடலிறக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பலமாகத் தள்ளும்போது சிறுநீர் கசியும் தொல்லை இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், தள்ளும் டெஸ்டை விட்டுவிட்டு இழுப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டு வரணும், தம்பி?

பழைய ரிப்போர்ட், அதில் சதவீதம் மட்டும் இல்லாமல் அசல் எண்ணும் இருக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். பல்செட் நன்றாகப் பொருந்துகிறது என்றால் கழற்றி வைக்காமல் போட்டுக்கொண்டே வாருங்கள், பாட்டி. போன தடவை உதடு பிடிமானம் இல்லாமல் பத்து புள்ளி அதில்தான் போனது.